எம்.பி.பி.எஸ். படிக்கப் பணம்: சென்னைக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி போன்ற அரசுக் கல்லூரியில் சேரும் மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அதே நகரில், அதே பாடத்தை நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிப்பவருக்கு ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் ஆகும். இரண்டு பேருக்கும் கிடைப்பது ஒரே பட்டம்தான். அதனால் படிப்புக்கான பணம் வங்கியில் முடிவாவதில்லை. கலந்தாய்வில் எந்த வகை இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் முடிவாகிறது. உதவித்தொகையும் கடனும் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றி, "முதலில் இடத்தைப் பிடிப்போம், பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இறங்கும் குடும்பங்கள்தான் இரண்டாம் ஆண்டிலேயே வீட்டை விற்கும் நிலைக்கு வருகின்றன.

எந்த இடம், என்ன விலை

அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். அதற்கான கலந்தாய்வை மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழு நடத்துகிறது. மீதி 85 சதவீதமும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும், நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களும் மாநிலக் கலந்தாய்வில் நிரப்பப்படும். இதை நடத்துவது கீழ்ப்பாக்கம் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு. மாநிலக் கலந்தாய்வுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நீட் விண்ணப்பமே போதும் என்று நினைத்துத் தேதியைத் தவறவிடுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அரசு ஒதுக்கீட்டுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் தனித்தனி விண்ணப்பம் என்பதையும் கவனியுங்கள்.

தனியார் சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு நான்கு முதல் ஐந்தரை லட்சம் வரை போகும். நிர்வாக ஒதுக்கீடு என்றால் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். என்.ஆர்.ஐ. எனப்படும் வெளிநாடு வாழ் இந்தியருக்கான இடம் இருபது லட்சத்தைத் தாண்டும். இந்தத் தொகைகளை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு கல்லூரிவாரியாக முடிவு செய்கிறது. அந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டோடு வரும் கட்டணப் பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வங்கியிலும் கல்லூரி அலுவலகத்திலும் அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

பட்டியலில் இருப்பது கல்விக் கட்டணம் மட்டும். விடுதி, உணவு, பேருந்து, பல்கலைக்கழகப் பதிவு, தேர்வுக் கட்டணம், திருப்பித் தரக்கூடிய வைப்புத்தொகை, புத்தகம், ஸ்டெதாஸ்கோப் எல்லாம் தனி. தனியார் கல்லூரியில் விடுதியும் உணவும் சேர்ந்து ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். எனவே கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் ஒரு கல்லூரியைப் போடும் முன் அதன் அலுவலகத்தில் ஒன்றைக் கேளுங்கள்: "முழுப் படிப்புக்கும் ஆண்டுவாரியாக எல்லாக் கட்டணமும் சேர்த்து எவ்வளவு, கல்லூரியின் தாளில் எழுதித் தருவீர்களா?" படிப்பு நான்கரை ஆண்டு, அதன் பிறகு ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி. கட்டணத்தை எத்தனை தவணையாக வாங்குகிறார்கள், கடைசி அரையாண்டுக்கு முழுத் தொகையா பாதியா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அம்பத்தூர், கிண்டி, ஒரகடம் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒரு வழி கே.கே. நகரில் இருக்கிறது. அங்குள்ள இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரியில், இ.எஸ்.ஐ. காப்பீட்டாளர்களின் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் போகிறதென்றால், காப்பீட்டாளரின் வாரிசு என்ற சான்றிதழை இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உரிய நாளுக்குள் எடுத்து, மத்தியக் கலந்தாய்வில் அந்தப் பிரிவைக் குறிப்பிட வேண்டும். நீட் விண்ணப்பித்த கையோடு இதை விசாரிக்கத் தொடங்கலாம்.

ஏழரை சதவீதம்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. இதன்வழி தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பணத்துக்கு இதைவிடப் பெரிய உதவி இந்த மாநிலத்தில் வேறில்லை.

சென்னையில் இதில் அடிக்கடி வரும் குழப்பம் ஒன்று. மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி இரண்டும் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. நகரில் உதவி பெறும் பள்ளிகள் நிறைய இருப்பதால், "எங்கள் பள்ளியிலும் கட்டணம் கிடையாது, அரசுதான் சம்பளம் தருகிறது" என்று நம்பி, கடைசி நேரத்தில் ஏமாறுகிறார்கள். இடையில் ஓராண்டு உதவி பெறும் பள்ளியில் படித்திருந்தாலும் தகுதி போய்விடும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 8-ஆம் வகுப்பு வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது.

படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியரிடம் படிப்புச் சான்று வாங்க வேண்டும். மூன்று பள்ளி மாறியிருந்தால் மூன்று சான்று. 12-ஆம் வகுப்புத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்குவதற்குள் வாங்கிவிடுங்கள். விடுமுறையில் தலைமையாசிரியரைத் தேடி அலைய வேண்டிவரும். சேரும்போது இந்த மாணவரிடம் கல்லூரி கட்டணம் கேட்டால், கடன் வாங்கிக் கட்டிவிட வேண்டாம். ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டுங்கள். அதற்கும் கேட்டால் என்ன தலைப்பில் எவ்வளவு என்று எழுதி வாங்கி, தேர்வுக் குழுவுக்கு அன்றே தெரிவியுங்கள்.

சான்றிதழ்கள்: நீட் முடிவுக்கு முன்பே

நீட் மே மாதம் நடக்கும். முடிவு வந்தபின் கலந்தாய்வு தொடங்கினால் எல்லாம் நாள் கணக்கில் நகரும். வட்டாட்சியர் அலுவலகம் அந்த வேகத்தில் நகராது. எனவே ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் இவற்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்: சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். எதற்கும் முதலில் கேன் எண் எனப்படும் குடிமக்கள் கணக்கு எண்ணைப் பதிவு செய்ய வேண்டும்.

வருமானச் சான்றுதான் எல்லாக் கதவுக்கும் சாவி. 2.5 லட்சம், 4.5 லட்சம், 8 லட்சம் என்ற மூன்று வரம்புகள் இந்தக் கட்டுரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். அந்தச் சான்று ஓராண்டுதான் செல்லும். போன ஆண்டு எடுத்ததை வைத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். பெற்றோர் இருவர் வருமானத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். அம்மா வேலைக்குப் போவதை மறைத்து எடுத்த சான்று, வங்கியில் அம்மாவின் கணக்கு விவரத்தைக் கொடுக்கும்போது வெளிப்பட்டுவிடும். அதோடு கல்விக்கடனுக்கு அரசு தரும் வட்டி மானியமும் போகும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஆதார் ஊர் முகவரியில், குடும்ப அட்டை வேளச்சேரி முகவரியில், வாடகை ஒப்பந்தம் மாம்பலத்தில் என்று இருந்தால், விசாரணையில் விண்ணப்பம் வட்டம் மாறி நிராகரிக்கப்படும். மூன்றையும் ஒரே முகவரிக்குக் கொண்டுவந்துவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது. தாம்பரம், பல்லாவரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பதால், சென்னை மாவட்ட அலுவலகங்களில் அலைந்து பயனில்லை.

பெயர். தமிழ்நாட்டு மாணவர்களை மற்ற எதையும்விட அதிகம் அலைக்கழிப்பது இதுதான். மதிப்பெண் பட்டியலில் "கு. முருகன்", ஆதாரில் "முருகன் குமார்", பான் அட்டையில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்து "குமார் முருகன்". மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒருவர்தான், கணினிக்கு மூன்று பேர். உதவித்தொகை இணையதளம் ஆதார்ப் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பொருந்தவில்லை என்று நிறுத்திவிடும். 10-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஆதாரையும் பானையும் வங்கிக் கணக்கையும் அதற்கேற்பத் திருத்துங்கள். மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது நீண்ட வேலை. ஆதாரைத் திருத்துவது அவ்வளவு இல்லை.

முதல் பட்டதாரிச் சான்றுக்குச் சாதியும் வருமான வரம்பும் பொருட்டல்ல. ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்வியில் சேரும், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை தருவது இது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அண்ணன் பொறியியலில் இதைப் பயன்படுத்தியிருந்தால் தங்கைக்குக் கிடைக்காது. இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யாருக்காக எடுப்பது என்று யோசித்துவிட்டு எடுங்கள்.

பணம் வந்து விழும் கணக்கு

உதவித்தொகை அனைத்தும் மாணவரின் பெயரிலுள்ள, ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் வரும். "ஆதார் கொடுத்திருக்கிறேனே" என்பது போதாது. அடையாளத்துக்காக ஆதார் நகல் கொடுப்பது வேறு. அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக அந்தக் கணக்கோடு ஆதாரைப் பிணைப்பது வேறு. இரண்டாவதற்குக் கிளையில் தனிப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால் கடைசியாகப் பிணைத்த வங்கிக்குப் பணம் போகும். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

அதைவிட மோசமானது சிறு கணக்கு. பள்ளியில் படிக்கும்போது குறைந்த ஆவணங்களோடு திறந்த சிறு கணக்கில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, ஓராண்டு வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது. தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கான உதவித்தொகை அதற்கு மேல் வந்தால் திரும்பிப் போய்விடும். திரும்பிய பணத்தை மீட்பது மாதக்கணக்கில் இழுக்கும். பதினெட்டு வயதானதும் முழு அடையாள ஆவணங்களைக் கொடுத்து அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுங்கள்.

திருப்பிக் கட்ட வேண்டாத பணம்

கடனைப் பற்றி யோசிக்கும் முன் இதை முடிக்க வேண்டும். இங்கே கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் கடனில் வட்டியோடு குறையும்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும், கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் போஸ்ட் மெட்ரிக் எனப்படும், 10-ஆம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான கல்வி உதவித்தொகை உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசு ஒதுக்கீட்டு இடம் என்றால், தனியார் கல்லூரியாக இருந்தாலும் கட்டணக் குழு நிர்ணயித்த கட்டணம் இதில் வரும். பராமரிப்புப் படியும் தனியாக உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் இதை எதிர்பார்க்க முடியாது. 2012-இல் வந்த அரசாணை 92-ஐ இந்த மாணவர்கள் பெயரளவிலாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். சுயநிதிக் கல்லூரிகளில் தகுதியுள்ள மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்பது அதன்படிதான். சேர்க்கை நாளில் "முதலில் கட்டுங்கள், உதவித்தொகை வந்தால் தருகிறோம்" என்று சொல்லப்பட்டால், அரசாணை எண்ணைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடமும் போகலாம். பணம் மாணவர் கணக்குக்கே வந்தால் அதைக் கல்லூரிக்குக் கட்ட வேண்டியது மாணவரின் பொறுப்பு. வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டு ஆண்டு இறுதியில் தேர்வு நுழைவுச் சீட்டுக்குத் தவிக்கும் நிலை வரக்கூடாது.

பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் மாணவர்களுக்கு அந்தந்த நலத்துறை தரும் உதவித்தொகைக்கும் வரம்பு 2.5 லட்சம்தான். இவை எல்லாவற்றுக்கும் கல்லூரி தரும் யூமிஸ் எண் (மாநில அரசின் கல்லூரி மாணவர் தகவல் தளத்தில் மாணவருக்கான பதிவு எண்) தேவை. சேர்ந்த முதல் வாரத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைப் பார்க்கும் எழுத்தர் யார் என்று கண்டுபிடித்து, யூமிஸ் பதிவு முடிந்ததா என்று கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. ஏழரை சதவீதத்தில் சேர்ந்த பிள்ளைகளும் இதைக் கேட்டுப் பெற வேண்டும். கட்டணம் இலவசம் என்பதால் இது கிடைக்காது என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை ஒன்று தேசிய உதவித்தொகை இணையதளத்தில் இருக்கிறது. 12-ஆம் வகுப்பில் தம் வாரியத்தில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும்; குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள். முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், தொழிற்படிப்புக்கு நான்காம் ஐந்தாம் ஆண்டுகளில் 20,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்குகிறவருக்கு இது கிடையாது. எது பெரியது என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குப் பிரதமர் உதவித்தொகை தனியே உண்டு: மாணவிக்கு மாதம் 3,000, மாணவருக்கு 2,500.

கொத்தனார், சித்தாள், பெயின்டர், ஆட்டோ ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைகள் நல வாரியத்தை மறக்க வேண்டாம். பெற்றோர் வாரியத்தில் பதிவு செய்து, பதிவைப் புதுப்பித்து வைத்திருந்தால் பிள்ளையின் தொழிற்படிப்புக்கு ஆண்டுதோறும் உதவி கிடைக்கும். தொகை சிறியதுதான், ஆனால் முதல் ஆண்டுப் புத்தகச் செலவுக்கு ஆகும். பதிவு காலாவதியாகிவிட்டதால் இழக்கிறவர்களே அதிகம்.

தனியார் அறக்கட்டளைகளில், அரசுப் பள்ளியில் படித்து முடித்த ஏழை மாணவர்களுக்கு அகரம் அறக்கட்டளையின் விதைத் திட்டம் இருக்கிறது. ரிலையன்ஸ் அறக்கட்டளை, குடும்ப வருமானம் 15 லட்சத்துக்குள் இருக்கும் முதலாண்டு மாணவர்களுக்குத் திறனறித் தேர்வு வைத்து, படிப்புக் காலம் முழுவதற்குமாக 2 லட்சம் ரூபாய் வரை தருகிறது. 2.5 லட்சத்துக்கும் 8 லட்சத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நடுத்தரக் குடும்பத்துக்கு இப்படிப்பட்டவைதான் திறந்திருக்கும் கதவுகள். உதவித்தொகை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கும் யாரையும் நம்ப வேண்டாம். உண்மையான உதவித்தொகை எதற்கும் முன்பணம் கிடையாது.

கல்விக்கடன்

வங்கிகள் பின்பற்றுவது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம். அதன் எல்லைகள் இவை. 4 லட்சம் வரை கையிலிருந்து எதுவும் போட வேண்டாம். அதற்கு மேல், இந்தியாவில் படிக்க 5 சதவீதத்தை நீங்கள் போட வேண்டும். 7.5 லட்சம் வரை கடன் உத்தரவாத நிதியின் கீழ் சொத்தும் கேட்கக்கூடாது, மூன்றாம் நபர் ஜாமீனும் கேட்கக்கூடாது. அதற்கு மேல் சொத்து ஈடு. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். பிறகு 15 ஆண்டுக்குள் அடைக்கலாம். உள்நாட்டுப் படிப்புக்கான கடனுக்குப் பரிசீலனைக் கட்டணம் கிடையாது. இடையில் முன்கூட்டி அடைத்தால் அபராதமும் கிடையாது.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம் இதோடு சேர்ந்தது. தேசியத் தரவரிசை அடிப்படையில் பட்டியலிடப்பட்ட கல்லூரியில் தகுதியால் சேர்ந்தவருக்கு, சொத்து ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்கு, தவணை தொடங்கும் காலம் வரை 3 சதவீத வட்டி மானியம். 4.5 லட்சத்துக்குள் வருமானமுள்ளவர்களுக்குத் தொழிற்படிப்புக் கடனில் அந்தக் காலத்தின் முழு வட்டியையும் மத்திய அரசே கட்டும் திட்டம் தனியாக இருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள் வித்யாலட்சுமியில் வரமாட்டார்கள். கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் முன், நீங்கள் நினைக்கும் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று அந்த இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். இந்த மானியங்கள் வங்கிக் கடனுக்குத்தான். வங்கியல்லாத நிதி நிறுவனம் மூன்றே நாளில் கடன் தருகிறதே என்று போய்விட்டால், வட்டியும் கூடும், மானியமும் போகும்.

எடுத்துப்போக வேண்டியவை: 10, 12 மதிப்பெண் பட்டியல், நீட் மதிப்பெண் அட்டை, ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரியின் சேர்க்கைச் சான்று, முழுப் படிப்புக்கான ஆண்டுவாரிக் கட்டண விவரம், மாணவருக்கும் பெற்றோருக்கும் ஆதார் மற்றும் பான், பெற்றோரின் ஆறு மாதக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு அல்லது வருமான வரிக் கணக்கு, வருமானச் சான்று. கட்டண விவரத்தில் கல்விக் கட்டணத்தை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். விடுதியும் உணவும் தேர்வுக் கட்டணமும் அதில் இருந்தால்தான் வங்கி அவற்றுக்கும் கடன் தரும். வைப்புத்தொகை போன்றவை கல்விக் கட்டணத்தில் 10 சதவீதம் வரையிலும், புத்தகம், கருவி, சீருடை முதலியவை 20 சதவீதம் வரையிலும் கடனில் சேரும்.

பெற்றோர் இணைக் கடனாளி என்பதால் அவர்களின் சிபில் மதிப்பெண்ணை, அதாவது பழைய கடன்களை எப்படிக் கட்டினார்கள் என்பதைக் காட்டும் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். பழைய கிரெடிட் கார்டில் சில ஆயிரம் பாக்கி, நண்பருக்குப் போட்ட ஜாமீன், கட்டி முடித்தும் மூடப்படாத இருசக்கர வாகனக் கடன்: இவைதான் வழக்கமான தடங்கல்கள். பிள்ளை 12-ஆம் வகுப்பில் நுழையும்போதே சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்துவிட்டால் சரிசெய்ய ஓராண்டு கிடைக்கும்.

சொத்து ஈட்டுக்கு மூலப்பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சொத்துவரி ரசீது வேண்டும். வங்கியின் வழக்கறிஞர் கருத்தும் மதிப்பீட்டாளர் அறிக்கையும் வர இரண்டு மூன்று வாரம் ஆகும். சென்னையில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் (முன்பு குடிசை மாற்று வாரியம்) குடியிருப்பில் கிரையப் பத்திரம் இன்னும் கைக்கு வராதவர்கள், புறம்போக்கில் வீடு கட்டியவர்கள், பங்கு பிரிக்காத பூர்வீக வீட்டில் இருப்பவர்கள் அந்த வீட்டை ஈடாகக் காட்ட முடியாது. இவர்களுக்கு ஈடு கேட்காத 7.5 லட்சம் வரையான கடனும், வித்யாலட்சுமிப் பட்டியலில் உள்ள கல்லூரியும்தான் வழி. நிலையான வைப்பு, எல்.ஐ.சி. பாலிசி இருந்தால் அவையும் ஈடாகும்.

விண்ணப்பத்தை வித்யாலட்சுமி இணையதளத்தில் போடுங்கள். கிளையில் கொடுக்கும் வாய்மொழி விண்ணப்பத்துக்கு எண் கிடையாது, அதனால் அதற்கு உயிரும் கிடையாது. "நீங்கள் எங்கள் கிளை எல்லையில் இல்லை" என்று திருப்பி அனுப்பக்கூடாது என 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அடுத்து மண்டல அலுவலகம், பிறகு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர். வங்கிக்குக் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். ஆட்சியர் அலுவலகம் நடத்தும் கல்விக்கடன் முகாம் அறிவிக்கப்பட்டால் கோப்போடு போய்விடுங்கள். பல வங்கிகளின் அதிகாரிகள் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள்.

நடைமுறையில் மிகவும் நெருக்குவது நாட்கள்தான். ஒதுக்கீடு வந்த சில நாட்களுக்குள் கட்டணத்தோடு கல்லூரியில் சேர வேண்டும். வங்கியோ 15 முதல் 30 நாள் எடுத்துக்கொள்ளும். நீட் மதிப்பெண் வந்ததுமே வங்கியில் பேசி, தகுதிக் கணக்கை முடித்து, சொத்து ஆவணங்களைச் சரிபார்க்கக் கொடுத்துவிட்டால், ஒதுக்கீட்டு ஆணை மட்டும்தான் பாக்கியிருக்கும். அப்படியும் இடைவெளி விழுந்தால் வங்கியில் நகைக்கடன் எடுத்து முதல் கட்டணத்தைக் கட்டுங்கள். கந்துவட்டிப் பக்கம் போகாதீர்கள். கட்டிய ரசீதைக் காட்டினால் கல்விக்கடனிலிருந்து அந்தத் தொகையைத் திருப்பித் தருவார்களா என்று நகையை வைக்கும் முன் கிளையில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வட்டிக் கணக்கு

பத்து லட்சம் கடன், ஆண்டுக்கு 2 லட்சமாக ஐந்து முறை எடுக்கிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு அவகாசமும் சேர்ந்து ஆறரை ஆண்டு. இந்தக் காலத்தில் தனிவட்டிதான். முதல் 2 லட்சம் ஆறரை ஆண்டுக்கும், கடைசி 2 லட்சம் இரண்டரை ஆண்டுக்கும் வட்டி சுமக்கும். கூட்டினால் வட்டி மட்டும் 4.5 லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் 14.5 லட்சமாகியிருக்கும். 15 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 15,580 ரூபாய்.

படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவந்தால்? முதலாண்டில் மாதம் 1,667 ரூபாய், ஐந்தாம் ஆண்டில் 8,333 ரூபாய். தவணை தொடங்கும்போது கடன் 10 லட்சமாகவே இருக்கும். மாதத் தவணை சுமார் 10,750. பின்னால் கட்டுவதில் 15 ஆண்டில் 8.7 லட்சம் குறைகிறது, முன்னால் கட்டியதோ 4.5 லட்சம். இப்படி வட்டி கட்டுகிறவர்களுக்கு 1 சதவீதம் வரை வட்டிச் சலுகை தரும் வங்கிகளும் உண்டு. முழுதாக முடியாவிட்டால் முடிந்ததைக் கட்டுங்கள். பயிற்சி மருத்துவராகும்போது வரும் ஊக்கத்தொகையில் ஒரு பகுதியை இதற்கே ஒதுக்கலாம். 4.5 லட்ச வருமான வரம்புக்குள் வருகிறவர்களுக்கு, மேலே சொன்ன அதே 4.5 லட்ச வட்டியைத்தான் அரசு கட்டுகிறது. 60 ரூபாய் வருமானச் சான்றின் மதிப்பு அவ்வளவு.

இதே கணக்கை ஒரு கோடிக்குப் போடுங்கள். படிப்புக் கால வட்டியைச் சேர்க்காமலேயே மாதத் தவணை 1,07,000 ரூபாயைத் தாண்டும். அரசு உதவி மருத்துவராகச் சேர்கிறவரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். மேற்படிப்புக்குப் போனால் முழுச் சம்பளம் இன்னும் தள்ளிப்போகும். ஆகவே நிகர்நிலைப் பல்கலைக்கழக இடத்தையோ நிர்வாக ஒதுக்கீட்டையோ முழுக்கக் கடனில் வாங்காதீர்கள் என்பதுதான் எங்கள் உறுதியான கருத்து. சேமிப்பில் பெரும்பகுதி இருந்தால் அது வேறு. இல்லையென்றால் ஓராண்டு மறுபடி நீட் எழுதுவது, எப்படிப் பார்த்தாலும் செலவு குறைந்த வழி. நிகர்நிலைக்கு மத்தியக் கலந்தாய்வில் பதிவு செய்யவே 5,000 ரூபாய் கட்டணமும் 2 லட்சம் வைப்புத்தொகையும் கட்ட வேண்டும். முதல் சுற்றில் விலகலாம். இரண்டாம் சுற்றில் ஒதுக்கிய இடத்தில் சேராவிட்டால் அந்த 2 லட்சம் போய்விடும். சும்மா பார்ப்போமே என்று விருப்பப் பட்டியலை நிரப்பாதீர்கள்.

நன்கொடை கொடுத்து இடம் வாங்குவது 1992-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம். அதற்கு ரசீது கிடையாது, கடன் கிடையாது, ஏமாந்தால் புகார் கொடுக்கவும் கூச்சம். எல்லா இடங்களும் நீட் தரவரிசைப்படி கலந்தாய்வில்தான் நிரப்பப்படுகின்றன. தரகரால் ஆகக்கூடியது எதுவுமில்லை. வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். குறைந்த செலவு என்கிறவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: படிப்பு 54 மாதத்துக்குக் குறையாமல், அதே நாட்டில் 12 மாதப் பயிற்சியோடு இருக்கிறதா? அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்ய முடியுமா? தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி இரண்டுக்கும் ஆம் என்றால்தான் இங்கே தகுதித் தேர்வே எழுத முடியும். உள்நாட்டு வட்டி மானியம் அதற்குக் கிடையாது.

சேர்ந்த பிறகு ஆண்டுதோறும்

உதவித்தொகை தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. ஒவ்வோர் ஆண்டும் புது வருமானச் சான்று, முந்தைய ஆண்டுத் தேர்ச்சிச் சான்று, வருகைப்பதிவு வேண்டும். ஒரு பாடத்தில் தோற்றால் மத்திய உதவித்தொகை நிற்கலாம். கடனின் அடுத்த தவணையையும் வங்கி நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கும். அப்படி நேர்ந்தால் ஒளியாமல் துணைத்தேர்வுத் தேதியோடு கிளைக்குப் போய்ப் பேசுங்கள். படிப்பைப் பாதியில் விட்டால், மருத்துவக் காரணம் தவிர, வட்டி மானியம் இல்லாமல் போகும்.

கட்டண ரசீது ஒவ்வொன்றையும் வங்கிக்குக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மார்ச் இறுதியில் கடன் கணக்கு அறிக்கையை எடுத்து, வட்டி மானியம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிளை மேலிடத்துக்குக் கோரிக்கை அனுப்ப மறந்தால் மாணவர் பெயரில் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள். கடனோடு மாணவர் பெயரில் ஆயுள் காப்பீடு எடுக்கச் சொன்னால் பெரிய கடனுக்கு அது நல்லதே. பிரீமியம் எவ்வளவு, கடனில் சேர்க்கப்படுகிறதா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தவணை கட்டத் தொடங்கியபின், பழைய வருமான வரி முறையில் இருப்பவர் வட்டி முழுவதையும் எட்டு ஆண்டு வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதற்கு வங்கியிடம் ஆண்டுதோறும் வட்டிச் சான்று கேட்டு வாங்க வேண்டும்.